அர்ச்சுனன் கேட்

சிரம்பானை ஒட்டிய ராசாவில் சந்திரன் மச்சான் வீட்டுக் கூடத்தில் டிவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, யாரும் அணைப்பதுமில்லை. ஒரு நாள் செய்தியில், ஏதோ ஒரு நாட்டுத் தொலைக்காட்சி நிலையம் தேர்தல் நடப்பதற்கு முன்னாலேயே முடிவைக் காட்டிவிட்டதாகச் சொன்னார்கள். ஒத்திகைக்கு வைத்திருந்த பொய்க் கணக்காம். யாரோ தவறான பொத்தானை அழுத்திவிட்டார்களாம். ஓட்டுப்பெட்டி இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் இன்னார் வென்றார் இன்னார் தோற்றார் என்று திரையில் ஓடியிருக்கிறது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூலையில் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த பஞ்சாலை அத்தை, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அப்புறம் சனங்க ஓட்டுப் போடப் போனாங்களா?"

மச்சான் திரையைப் பார்த்தான். செய்தி அதற்குள் பந்தாட்டத்துக்குப் போய்விட்டது. அத்தையும் மறுபடி கேட்கவில்லை.

பஞ்சாலை என்பது அவள் பெயர்; என் அப்பாவின் அக்கா, சந்திரனின் தாய். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. சந்திரனுக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்தது கதையின் தப்பான பாதி. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்ததும் அந்தத் தப்பான பாதிதான். எனக்கு அதில் ரொம்ப நாளாக எரிச்சல்.

எங்கள் தோட்டம் லாபு சாலையில் ஏழாவது மைலில் இருந்தது. மைலைக் கட்டை என்று சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாததால் ஏழாங்கட்டைத் தோட்டம் என்றே சொல்லி வந்தோம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி கொண்டுவந்தபோது, அங்கங்கே சிதறிக் கிடந்த எங்கள் லயன் வரிசை வீடுகளை எல்லாம் பெயர்த்து ஒரே மேட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, சர்க்கரை, பால் டின் எதுவும் போகக்கூடாது என்பது சட்டம். வேலிக்கு ஒரே கேட். காலை ஆறு மணிக்குத் திறந்து, வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து வெளியே விடுவார்கள். பிறகு பூட்டினால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.

ரப்பர் மரத்தைக் கித்தா என்போம், பட்டையைக் கீறிப் பால் வடிப்பதை மரம் வெட்டுவது என்போம். கித்தா மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு இடைவேளை உண்டு. காலையில் போய் மரங்களை வெட்டி முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். வெட்டிய உடனே பால் எடுக்க முடியாது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்து நிற்க வேண்டும். அதுவரை மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். வேலி வருவதற்கு முன்னால் கைப்பிள்ளைக்காரிகள் அந்த நேரத்தில்தான் லயத்துக்கு ஓடுவார்கள். ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, மரத்துப் பால் எடுக்க மறுபடி ஓடி வருவார்கள். வேலி வந்த பிறகு அந்த ஓட்டம் நின்றுபோனது. பத்து மணிக்கு மாரில் பால் கட்டும். மரத்தடியில் உட்கார்ந்து பீய்ச்சி மண்ணில் விடுவார்கள். மரத்துப் பால் ஒரு சொட்டு சிந்தினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். இந்தப் பால் மண்ணுக்குப் போவதை ஒருவரும் கேட்கவில்லை.

கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா மயிலம்மாள் நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனசில் பால் சுரக்காதே. சீனித் தண்ணீர் கொடுப்பாள். டின் பால் கிடைத்தால் அதில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பெருக்கிக் கொடுப்பாள். அந்த டின்னையும் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள், யாரும் காட்டுக்குக் கடத்தாமல் இருக்க. சந்திரன் அப்போது கைப்பிள்ளை. அழுது அழுது தொண்டை கட்டிப்போய், அத்தை திரும்பி வரும்போது சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து மூடுவானாம்.

அந்த வருஷம் தொழிலாளர் சங்கக் கிளையின் பழைய தலைவர் ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டார். புதுத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சிரம்பானிலிருந்து சங்கத்து ஆள் விசுவநாதன் வந்து கூட்டம் போட்டார். அர்ச்சுனன் நிற்பதாகச் சொன்னார். மண்டோருக்கு மைத்துனர் முறை, சாதுவான மனுஷன், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். "வேற யாராச்சும் நிக்கிறீங்களா?" என்று விசுவநாதன் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மறுபடி கேட்டார். மறுபடி தரை. விதிப்படி மூன்று முறை கேட்க வேண்டுமாம், இரண்டாவது ஆள் நிற்காமல் கூட்டத்தை முடிக்க அவருக்கு மனசில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. வீட்டில் பிள்ளை காத்திருக்கிறது. ச்சு என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் நிக்கிறேன். கூட்டத்த முடிங்க. புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

அவள் தேர்தலில் நின்ற கதை அவ்வளவுதான். வீராங்கனை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். உட்காரும்போது ஒரு பெருமூச்சு, எழும்போது ஒரு பெருமூச்சு என்று வாழ்ந்தவள் அவள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் போட்டபோது, அவசரத்தில் சொன்னதில் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் மரத்தடியில் பெண்களிடம் சொன்னாள்.

"நான் வந்தா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். பத்து மணிக்குக் கேட்டத் தொறக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

அர்ச்சுனனிடமும் போய்ச் சொன்னாள். நீங்கள் அதைக் கேட்பதாக இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"எமர்ஜென்சி முடியட்டும் தங்கச்சி. அப்புறம் பொறுமையா கேட்டுக்கலாம். இப்ப போயி கேட்டத் தொறன்னா, நம்ம மேலயே சந்தேகப்படுவாங்க."

"எமர்ஜென்சி முடியறப்ப எம்புள்ள பொண்ணு பாக்கப் போயிருவான் அண்ணே."

அர்ச்சுனனும் பஞ்சாலையும் எதிரெதிராக நிற்கிறார்கள் என்றதும் தோட்டத்துக்குக் கொண்டாட்டம். பஞ்சாலை என்பது பாஞ்சாலிதானே. "இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா மத்த நாலு பேரும் எங்கடா போறது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அத்தையின் கணவர் வீரமுத்து மாமாவைப் பார்த்தால், "என்னா தருமரே, சூதாட வர்றீங்களா?" என்பார்கள். மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே போவார். அவருக்கும் தூக்கம் போதாது.

ஓட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் ஆளுக்கொரு கித்தாக்கொட்டை கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் இரண்டு தகர டின். விளக்குப் படம் போட்டது அர்ச்சுனனுக்கு, மங்குப் படம் போட்டது அத்தைக்கு. பிடித்த டின்னில் கொட்டையைப் போட்டுவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆட்களை எழுப்ப எமனே வந்தாலும் முடியாது என்பதால், கூப்பிட ஒலிபெருக்கி வேண்டும் என்று விசுவநாதன் சொன்னார். ராசாவிலிருந்து மாயாண்டியின் மைக்செட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மாயாண்டி பழைய கூத்துக்காரர். திரௌபதை அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் வேஷம் கட்டினவர். முன்பல் நாலு விழுந்து வசனம் காற்றாகப் போகத் தொடங்கியதும் வேஷத்தைக் கழற்றிவிட்டு மைக்செட் வைத்தார். மற்ற மைக்செட்டுக்காரர்கள் ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ என்று சொல்லிச் சோதித்துப் பார்ப்பார்கள். மாயாண்டிக்கு அது கௌரவக் குறைச்சல். அவர் எந்த ஊருக்குப் போனாலும், கல்யாணமோ கருமாதியோ, பாஞ்சாலி சுயம்வரத்து வசனத்தைச் சொல்லித்தான் மைக்கைச் சோதிப்பார். ஏழாங்கட்டையில் யார் நிற்கிறார்கள், என்ன பெயர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட் திறந்ததும் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தார், கோயில் பக்கத்துத் தென்னை மரத்தில் குழாயைக் கட்டினார், பேட்டரியை மாட்டினார், தொண்டையைக் கனைத்தார்.

"வளையாத வில்லை வளைத்தான்! சுழலும் மீனை அடித்தான்! பாஞ்சாலியை வென்றான் அர்ச்சுனன்! வென்றான்! வென்றான்!"

வில்லும் மீனும் கொர்ர் என்ற இரைச்சலில் போய்விட்டன. கடைசி வரி மட்டும் கணீரென்று விழுந்தது. மாயாண்டிக்குத் திருப்தியில்லை. கம்பியைத் திருகிவிட்டு மறுபடி சொன்னார். மறுபடியும் அந்த வரிதான் மலையில் மோதித் திரும்பி வந்தது. பாஞ்சாலியை வென்றான் அர்ச்சுனன்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த என் அம்மா செல்லம், ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"ஒங்க அக்கா தோத்துட்டாங்க."

அப்பா புரண்டு படுத்தார். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். பைப்படியில் பல் விளக்கிக்கொண்டிருந்த அர்ச்சுனனின் கழுத்தில், கோயிலுக்குக் கட்டி வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் வாயெல்லாம் கரித்தூள்.

"இன்னும் ஓட்டே போடலயேடா!" என்றார்.

"மைக்குல சொல்லிட்டாங்க அண்ணே!"

இதைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தேர்தல் நடக்கவில்லை, முடிவு எப்படி வந்தது என்று அந்தத் தோட்டத்தில் ஒரு ஆள்கூட ஆச்சரியப்படவில்லை. ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? லயத்தைப் பெயர்க்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டா பெயர்த்தார்கள்? வேலி போடலாமா என்று கேட்டார்களா? சம்பளம் இவ்வளவு, அரிசி இவ்வளவு, கேட் திறப்பது இத்தனை மணிக்கு என்று எல்லாமே முடிவாகி வந்து காதில் விழுந்து பழகியவர்கள். தலைவரும் அப்படியே முடிவாகி வந்துவிட்டார் என்றால், சரி, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவ்வளவு களைப்பு.

அத்தையே நம்பிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள், "சரி, விட்டது சனியன்" என்று சொல்லித் துணியைப் பிழிந்தாள். உண்மையிலேயே நிம்மதியாக இருந்ததாம். சந்திரன் அழுதான். போய் மடியில் போட்டுக்கொண்டாள். அவன் அவசர அவசரமாகக் குடித்தான். இன்றைக்கு ஞாயிறு, பத்து மணிக்கும் கிடைக்கும். நாளைக்கு? நாளைக்குப் பத்து மணிக்கு இவன் வாயைத் திறந்து மூடுவான் என்று நினைத்தாள். அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"ஏங்க, நான் இன்னும் போடலயே?" என்று கணவரைக் கேட்டாள். "நீங்க போட்டீங்களா?"

வீரமுத்து மாமா யோசித்துப் பார்த்தார். "இல்லயே," என்றார்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போனாள். மாயாண்டி மூன்றாவது முறையாகச் சோதித்துவிட்டு, கம்பியைப் பல்லில் கடித்துச் சீவிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா ஒனக்குச் சொன்னது, அர்ச்சுனன் ஜெயிச்சாருன்னு?"

"யாரு சொல்லணும்? வியாசரு சொன்னாரு," என்றார் மாயாண்டி. "பாரதம் கேட்டதில்லையா? நீ யாரும்மா?"

"நாந்தான் பஞ்சாலை. அந்தா, மாலையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு, அவருதான் அர்ச்சுனன்."

மாயாண்டி வாயிலிருந்த கம்பி விழுந்துவிட்டது. உடனே மைக்கைப் பிடித்தார். பதற்றத்தில் அவருக்குக் கூத்துத் தமிழ்தான் வந்தது.

"மகா சனங்களே! சற்று முன்பு அர்ச்சுனன் பாஞ்சாலியை வென்றதாகச் சொன்னது பாரதத்து அர்ச்சுனன்! தோட்டத்து அர்ச்சுனன் அல்ல! தோட்டத்து அர்ச்சுனன் இன்னும் வெல்லவில்லை! பாஞ்சாலி இன்னும் தோற்கவில்லை!"

இரைச்சலில் போனது போக எத்தனை லயத்துக்கு எந்தப் பாதி கேட்டதோ. திருத்தத் திருத்த அந்த இரண்டு பெயரும்தான் திரும்பத் திரும்ப விழுந்தன. மேட்டு லயத்தில் ஒரு கிழவர், "விடியக்காலைலேருந்து இதையே சொல்றானுங்க, ஜெயிச்சா ஜெயிச்சிட்டுப் போறான்லா, காது வலிக்குது," என்று ஜன்னலைச் சாத்தினாராம்.

அத்தை வீடு வீடாகப் போனாள். பிள்ளையும் இடுப்பில். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு.

"இன்னும் ஓட்டு நடக்கல. வந்து போடுங்க."

"தோத்தா விட்டுற வேண்டிதானே பஞ்சாலை. எதுக்கு இப்படி அலையிற?"

"தோக்கல. இனிமேதான் நடக்கணும்."

"மைக்குல தப்பாவா சொல்லுவாங்க?"

பாதி லயத்தோடு அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. படியில் உட்கார்ந்தாள். அழலாமா என்று நினைத்தாளாம், அதற்கும் தெம்பில்லை. அந்த வீட்டுக்காரி ராக்கம்மா, இரட்டைப் பிள்ளை பெற்றவள், கதவருகில் நின்று பார்த்தாள். அவளும் அந்தக் கதையைத்தான் சொன்னாள், மைக்கில் சொல்லிவிட்டார்களே என்று. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓட்டு இருக்கோ இல்லையோ, விடு. பத்து மணிக்கு ஒனக்குப் பால் கட்டுதா, இல்லயா?"

"கட்டாம? உசுரு போவுது."

"அப்ப வா."

ராக்கம்மா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மீதி வாசல்களில் அத்தை தேர்தலைப் பற்றிப் பேசவே இல்லை. பால் கட்டுகிறதா என்று மட்டும் கேட்டாள். அதற்கு எந்த மைக்கும் பதில் சொல்லியிருக்கவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் வந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு என் அம்மா வந்தாள். தம் வீட்டில் பிள்ளை அழுவதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன சில ஆண்களும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

அர்ச்சுனனின் ஆட்கள் வரவில்லை. ஜெயித்த ஆளுக்கு எதற்கு ஓட்டு? அவர்கள் கோழி அடித்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் மட்டும் மாலையைக் கழற்றிவிட்டு வந்து, வரிசையில் நின்று, தன் கொட்டையை வாங்கிப் போட்டார். போய் மற்றவர்களையும் கூப்பிட்டிருக்கிறார். "தலைவருக்குக் குறும்பப் பாரு," என்று அவர் கையில் கோழிக்காலைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் இரண்டு டின்னையும் மேசையில் கவிழ்த்தார்கள். மங்கு டின்னில் ஒரு கைப்பிடிக் கொட்டை கூடுதலாக இருந்தது. அத்தை ஜெயித்துவிட்டாள். விசுவநாதன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "மைக்ல சொல்லிருங்க," என்றார்.

மாயாண்டி மைக்கைப் பிடித்தார். ஊதினார். தட்டினார். சத்தமில்லை. காலையிலிருந்து திருத்தம் சொல்லிச் சொல்லிப் பேட்டரி செத்துப் போயிருந்தது. பொய்க்கு மூன்று தடவை தெம்பாக நின்ற பேட்டரி, மெய்க்கு ஒரு தடவை நிற்கவில்லை. விசுவநாதன் பள்ளிக்கூட வாசலில் நின்று வாயாலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? ஓட்டுப் போட்ட அதே பெண்கள். அதிலும் பாதிப் பேருக்குப் பிள்ளை அழுகையில் கேட்கவில்லை. கேட் மூடும் நேரம் வந்துவிட்டதால் விசுவநாதனும் மாயாண்டியும் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், எல்லோரும் அர்ச்சுனனுக்குத்தான் வணக்கம் வைத்தார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், பஞ்சாலைதான் ஜெயித்தது என்று. தலைவருக்கு என்ன அடக்கம் என்றார்கள். ராக்கம்மா கத்தினாள். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்.

"அது பள்ளிக்கூடத்துல சொன்னது. மைக்குல சொன்னாங்களா?"

அந்த வாரமே அத்தை ஆபீஸுக்குப் போனாள். கணக்கு எழுதும் கிராணி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாம்மா?"

"தொரையப் பாக்கணும். கேட்டு விஷயமா. நான் சங்கத்துத் தலைவரு."

"தலைவரு அர்ச்சுனன்லா. எனக்கே மைக்குல கேட்டுச்சே. அவரக் கூட்டிட்டு வா."

அத்தை ஆபீஸ் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சிரம்பானுக்குப் போய் விசுவநாதனைக் கூட்டி வரலாம், எழுதி வாங்கலாம், சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் வேலைநாள் போகும். அவள் எழுந்து நேரே அர்ச்சுனன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, என்கூட ஆபீஸுக்கு வாங்க. தலைவருன்னு சொல்லிக்குங்க."

"என்னா தங்கச்சி பேசுற? நான் தோத்தவன்."

"அது ஒங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். எனக்குப் பால் வத்துது அண்ணே. பத்து மணிக்குக் குடுக்காம விட்டு விட்டு, முன்ன மாதிரி ஊற மாட்டேங்குது. ஒரு பேருதானே, நீங்களே வச்சுக்குங்க. எனக்குக் கேட்டுத் தொறந்தா போதும்."

அர்ச்சுனன் எழுந்தார். பிறகு சட்டையைத் தேடினார்.

அதற்குப் பிறகு நடந்ததும் ஒரு கூத்துதான். துரை முன்னால் அர்ச்சுனன் நிற்பார். அவருக்குப் பின்னால் அத்தை நிற்பாள். அத்தை சொன்னதை அர்ச்சுனன் சொல்வார், அர்ச்சுனன் சொன்னதைக் கிராணி இங்கிலீஷில் சொல்வார். துரை பைப்பைக் கடித்துக்கொண்டு, சாவி போலீஸ் கையில் என்பார். போலீஸிடம் போனால், தோட்டம் துரையுடையது என்பார்கள். மறுபடி துரை. சாதுவான மனுஷன் என்று நான் சொன்ன அந்த அர்ச்சுனன், அத்தை அழைத்த ஒவ்வொரு முறையும் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை போலீஸ் அதிகாரி, கம்யூனிஸ்டுக்குப் பால் கொண்டுபோகத் திறக்கச் சொல்கிறாயா என்று அதட்டினாராம். அர்ச்சுனன், "வெளிய கொண்டுபோறதுக்கு இல்ல ஐயா, உள்ள கொண்டுவர்றதுக்கு," என்றாராம். அது மட்டும் அத்தை சொல்லிக் கொடுக்காதது.

தீபாவளி வந்து போனது. நான் பிறந்தேன். அம்மா என்னை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு மரம் வெட்டப் போனாள். தைப்பூசமும் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள், பத்து மணிக்கு அரை மணி நேரம் கேட் திறக்கும், கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் உள்ளே வரலாம் என்று உத்தரவு வந்தது.

அன்றைக்கு நடந்ததை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டுக் கத்தியை மரத்தில் சாய்த்துவிட்டு எல்லாப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். ராக்கம்மா எல்லோருக்கும் முன்னால். அம்மா கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அத்தை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி! தொறந்துட்டாங்க!"

"நீ போ செல்லம். ஒம்புள்ள காத்துக்கிட்டிருக்கும்."

"நீங்க வரல?"

"எனக்கு அங்க என்னா வேல?"

அவளுக்குப் பால் வற்றிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்திரன் கஞ்சித் தண்ணீருக்குப் பழகிவிட்டான். அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நின்று அழுதாள். "அழுதுகிட்டு நிக்காத, அரை மணி நேரந்தான்," என்று அத்தை விரட்டினாள். அம்மா ஓடினாள். அன்றைக்குப் பத்து மணிக்கு வயிறு நிறையக் குடித்தவன் நான். அத்தை நடந்து நடந்து திறந்த கேட் அத்தை பிள்ளைக்குத் திறக்கவில்லை, எனக்குத் திறந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் வருகிறது.

எல்லோரும் அதை அர்ச்சுனன் கேட் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அர்ச்சுனன் இருந்தவரை, "அது பஞ்சாலை கேட்டுடா," என்று திருத்திக்கொண்டிருந்தார். மாயாண்டி திருத்தியது எடுபடாத மாதிரி அவர் திருத்தியதும் எடுபடவில்லை. பிறகு எமர்ஜென்சி முடிந்து வேலியைப் பிடுங்கினார்கள். கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். லயங்கள் போய்விட்டன. எங்கள் ஆட்கள் ராசாவுக்கும் சுங்கை காடுட் ஃபேக்டரிகளுக்கும் சிதறினார்கள். பெயர் மட்டும் சிதறவில்லை.

போன வருஷம் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் ஒரே காரில் போனோம். செம்பனைக்கு நடுவே ஒரு வளைவில் மச்சான் காரை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, பின்னால் இருந்த தன் பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்டினான்.

"இங்கதான்டா அர்ச்சுனன் கேட்டு இருந்துச்சு. அர்ச்சுனன்னு ஒரு தலைவரு. தொரைகிட்ட, போலீஸுகிட்ட எல்லாம் சண்டை போட்டு பத்து மணிக்குத் தொறக்க வச்சாரு. அவரு மட்டும் இல்லன்னா, ஒங்க அப்பன் அன்னிக்கே பசியில செத்திருப்பான்லா. ஒங்க பாட்டி ஓடியாந்து பால் குடுப்பாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "மச்சான்," என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த வயதிலும் மரம் வெட்டின கை, இரும்பு மாதிரி.

"விடு," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பசிச்சது அவனுக்கு ஞாபகம் இல்ல. அப்படியே இருக்கட்டும்."

மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தான்.